சுரங்கவியல் கலைச்சொற்கள்

சுரங்கவியல் கலைச்சொற்கள் என்பவை நிலத்திலுள்ள கனிமங்களைக் கண்டறிதல், அகழ்தல், பிரித்தல் ஆகிய பணிகளிலும், அவற்றுக்கு அடிப்படையான நிலவியலிலும் வழங்கும் சொற்கள் ஆகும். இவற்றுள் பல, அன்றாடத் தமிழில் வேறு பொருளில் வழங்கும் சொற்களே. தாது, இருப்பு, கழிவு, மேல்மண் போன்றவற்றைக் கேட்டவுடன் பொருள் விளங்கிவிட்டது போலத் தோன்றும். ஆனால் சுரங்கத் துறையில் இவை ஒவ்வொன்றும் ஓர் எல்லையைக் குறிக்கும். எல்லையின் ஒருபுறம் உள்ள பாறை ஆலைக்குச் செல்லும்; மறுபுறம் உள்ளது குப்பை மேட்டுக்குச் செல்லும். விலை, செலவு, தொழில்நுட்பம் ஆகியன மாறும்போது அந்த எல்லையும் இடம் பெயரும்.

இக்கட்டுரையின் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் கருநாடக மாநிலத்திலுள்ள கோலார் தங்கவயலிலிருந்து எடுக்கப்பட்டவை. 1880இல் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் என்னும் ஆங்கிலேய நிறுவனத்தின் வருகையோடு இங்கு நவீனச் சுரங்கத் தொழில் வேரூன்றியது. 1956இல் மைசூர் அரசும், 1962இல் இந்திய அரசும் சுரங்கங்களை ஏற்றுக்கொண்டன. 1972 முதல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் இவற்றை நடத்தியது. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. நிலத்தடியில் உழைத்தவர்களுள் பெரும்பாலோர் வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து குடியேறிய தமிழர்கள் ஆவர்.

பெயர்களில் உள்ள குழப்பம்

ஆங்கிலத்தில் ஜியாலஜி எனப்படும் துறைக்குத் தமிழில் ஒரே பெயர் நிலைபெறவில்லை. தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல்களில் புவியியல் என்பது ஜியாகிரஃபியைக் குறிக்கும். அதே மாநிலத்தில் குவாரி உரிமங்களைக் கையாளும் அரசுத் துறையின் பெயர் புவியியல் மற்றும் சுரங்கத் துறை. இங்கு அதே சொல் ஜியாலஜியைக் குறிக்கிறது. இலங்கையில் புவியியல் ஜியாகிரஃபிக்கே உரியது. ஜியாலஜிக்குப் புவிச்சரிதவியல் என்ற சொல் உள்ளது. நிலவியல், புவியமைப்பியல், மண்ணியல் என்பனவும் நூல்களில் காணப்படும். இவற்றுள் மண்ணியலை மண்ணை மட்டும் ஆராயும் துறைக்கு விட்டுவிடுவதே பொருத்தம். இக்கட்டுரை நிலவியல் என்ற சொல்லை ஆள்கிறது. தமிழ்நாட்டில் கனிமம் எனப்படுவது இலங்கைப் பாடநூல்களில் கனியம் என வருவதையும் இங்குக் குறிப்பிடலாம்.

சுரங்கம் என்ற சொல்லுக்கும் இரண்டு பொருள்கள் உண்டு. சுரங்கப்பாதை, சுரங்க ரயில் ஆகியவற்றில் அது நிலத்தடி வழியைக் குறிக்கிறது. நிலக்கரிச் சுரங்கம், தங்கச் சுரங்கம் ஆகியவற்றில் கனிமம் அகழும் இடத்தைக் குறிக்கிறது. வழி என்னும் பொருளே பழையது. அதனால்தான் திறந்தவெளிச் சுரங்கம் என்ற தொடர் முதலில் கேட்பவருக்கு முரணாகத் தோன்றுகிறது. எனினும் அது நிலைபெற்றுவிட்டது. மாற்ற முயல்வதில் பயனில்லை.

தங்கவயல் என்பதில் வரும் வயல், விளைநிலம் அன்று. ஒரே வகைக் கனிமம் பல இடங்களில் செறிந்துள்ள பரப்பை ஆங்கிலத்தில் ஃபீல்டு என்பர். நிலக்கரி, எண்ணெய் ஆகியவற்றுக்கும் இவ்வழக்கு உண்டு. அதைச் சொல்லுக்குச் சொல்லாகப் பெயர்த்ததில் கிடைத்தது தங்கவயல். கலைச்சொல்லாக இது வழுவாயினும் ஊர்ப்பெயராக அழகாக அமைந்துவிட்டது. அவ்வூரின் சாம்பியன் ரீஃப் என்ற பகுதிப் பெயரை மொழிபெயர்க்க முயல்பவர் மேலும் தடுமாறுவர். ரீஃப் என்றால் அகராதிகள் பவளத்திட்டு என்றோ கடலடிப் பாறை என்றோ பொருள் தரும். ஆஸ்திரேலியத் தங்கச் சுரங்கங்களிலும் அவற்றைப் பின்பற்றிய பிற இடங்களிலும் அது பொன் பொதிந்த குவார்ட்சு நாளத்தைக் குறிக்கும் சொல் ஆகும். கோலாரிலிருந்து கடல் வெகு தொலைவில் உள்ளது.

பாறை, கனிமம், தாது

கனிமம் என்பது இயற்கையில் தோன்றிய, திட்டமான வேதியியல் இயைபும் ஒழுங்கான அணு அமைப்பும் கொண்ட திண்மப் பொருள் ஆகும். குவார்ட்சு, பைரைட்டு, தனிப்பொன் ஆகியவை கனிமங்கள். பாறை என்பது ஒன்று அல்லது பல கனிமங்கள் சேர்ந்த திரள் ஆகும். கருங்கல் எனப்படும் கிரானைட்டில் குவார்ட்சும் ஃபெல்ட்ஸ்பாரும் மைக்காவும் வெறுங்கண்ணாலேயே பிரித்தறியக்கூடிய அளவில் இருக்கும்.

தாது என்பது இவ்விரண்டையும் போன்ற சொல் அன்று. இலாபத்துடன் பிரித்தெடுக்கக்கூடிய அளவுக்குப் பயனுள்ள கனிமம் அடங்கியுள்ள பாறைத் திரளே தாது. அதாவது, கனிமமும் பாறையும் இயற்கை அறிவியலின் சொற்கள். தாது என்பதன் வரையறையிலேயே பணம் இடம்பெற்றுவிடுகிறது. தாதுக்கள் எல்லாம் கனிமங்களே, ஆனால் கனிமங்கள் எல்லாம் தாதுக்கள் அல்ல என்று பள்ளி வேதியியலில் கற்பிப்பதுண்டு. இதன் பின்பாதி சரியானது. முன்பாதி நிலவியலாளர் வழக்குக்குப் பொருந்தாது. கோலாரில் தாது எனப்பட்டது, பொன் துகள் பொதிந்த குவார்ட்சுப் பாறை முழுவதும் ஆகும். அதிலுள்ள பொன் தாதுக்கனிமம். எஞ்சிய குவார்ட்சும் பிறவும் தாதுக்கூளம். ஆங்கிலத்தில் காங்கு எனப்படுவது இதுவே.

விலையற்றது என்பதால் தாதுக்கூளத்தை எவரும் கருத்தில் கொள்வதில்லை. தொழிலாளியின் நோக்கில் நிலைமை வேறு. குவார்ட்சைத் துளையிடும்போதும் உடைக்கும்போதும் எழும் நுண்துகள் நுரையீரலில் படிந்து சிலிக்கோசிசு என்னும் நோயை உண்டாக்கும். இந்நோய்க்குக் குணமில்லை. துளையிடும்போது நீர் பாய்ச்சுவதும் காற்றோட்டம் தருவதும் தூசியைக் குறைக்கும். கோலாரில் ஆயிரக்கணக்கானோர் சுவாசித்தது பொன்னை அன்று, தாதுக்கூளத்தையே.

தமிழில் தாது என்னும் சொல் மகரந்தத்தையும், சித்த மருத்துவத்தில் உடற்கட்டுகளையும் குறிக்கும். உணவு பற்றிய கட்டுரைகளில் வரும் தாது உப்புகள் என்பதில் அது கனிமம் என்னும் பொருளில் தவறாக ஆளப்படுகிறது; கனிம உப்புகள் என்பதே தக்கது. செய்தித்தாள்களில் வரும் தாது மணல் என்ற தொடரைச் சிலர் குறை கூறுவர். ஆனால் இல்மனைட்டும் கார்னெட்டும் மோனசைட்டும் செறிந்து, அகழ்ந்தால் இலாபம் தரும் கடற்கரை மணல் முழுவதுமே சுரங்கவியல் நோக்கில் தாதுதான். ஆகவே அத்தொடரில் பிழையில்லை.

தரமும் எல்லைத் தரமும்

ஒரு டன் தாதுவில் அடங்கிய உலோகத்தின் அளவு அதன் தரம் எனப்படும். பொன்னுக்கு இது டன்னுக்கு இத்தனை கிராம் எனக் குறிக்கப்படும். புவியோட்டின் சாதாரணப் பாறையில் டன்னுக்குச் சில மில்லிகிராம் பொன்னே உண்டு. கோலாரில் 120 ஆண்டுகளில் ஏறத்தாழ 5 கோடி டன் தாதுவிலிருந்து ஏறத்தாழ 800 டன் பொன் எடுக்கப்பட்டது. இதன்படி சராசரித் தரம் டன்னுக்கு 16 கிராம் ஆகிறது. இச்சராசரி ஒரு வீழ்ச்சியை மறைக்கிறது. தொடக்கக் காலத் தாது இதைவிடப் பன்மடங்கு வளமானது. இறுதி ஆண்டுகளில் கிடைத்தது டன்னுக்கு ஒருசில கிராம் மட்டுமே.

எந்தத் தரத்துக்குக் கீழே அகழ்வது நட்டமோ அது எல்லைத் தரம் எனப்படும். ஒரு டன் பாறையை அகழ்ந்து, மேலே ஏற்றி, அரைத்து, பொன்னைப் பிரிக்க ஆகும் செலவு 2 கிராம் பொன்னின் விலைக்குச் சமம் எனக் கொள்வோம். ஆலையில் பத்தில் ஒரு பங்கு பொன் பிரிபடாமல் போகும் எனவும் கொள்வோம். அப்போது எல்லைத் தரம் 2ஐ 0.9ஆல் வகுத்துக் கிடைக்கும் 2.2 கிராம் ஆகும். பொன்னின் விலை இரட்டிப்பானால் இது 1.1 கிராமாகக் குறையும். நேற்றுக் கழிபாறையாக இருந்த சுவர் இன்று தாதுவாகிவிடும். அப்பாறையில் ஓர் அணுவும் மாறியிருக்காது. ஆழம் கூடக் கூட ஏற்றும் செலவும் குளிர்விக்கும் செலவும் உயர்வதால் மறுதிசையிலும் இது நிகழும். சுரங்கத்தில் தங்கம் தீர்ந்துவிட்டது என்று சொல்வது பெரும்பாலும் துல்லியமற்ற கூற்று. தீர்ந்தது தாது ஆகும். கோலார் மூடப்பட்டபோதும் அடியில் பொன் இருந்தது.

தாது உடலின் வடிவம்

பாறையின் பிளவுகளில் வெந்நீர்க் கரைசல்கள் பாய்ந்து கனிமங்களைப் படியவிடுவதால் உண்டாகும் தகடு போன்ற அமைப்பு நாளம் எனப்படும். அகழத்தக்க வளமுடைய நாளத்தைக் கார்ன்வால் சுரங்கத்தார் லோடு என்றனர். கோலாருக்கு வந்த மேற்பார்வையாளர்கள் பலர் கார்ன்வால்காரர்கள் ஆதலால் அச்சொல்லும் உடன் வந்தது. 1880களின் நடுவில், முதலீடு கரைந்து தொழிலே கைவிடப்படும் நிலையில், சாம்பியன் நாளத்தின் வளமான பகுதி கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 270 கோடி ஆண்டுகள் பழமையான ஆர்ன்பிளெண்டு சிஸ்ட் என்னும் உருமாறிய பாறையினூடே அது செல்கிறது.

சாய்ந்து கிடக்கும் ஒரு தகட்டை இரண்டு அளவுகளால் விவரிக்கலாம். தகடு ஒரு கிடைத்தளத்தை வெட்டும் கோட்டின் திசை கிடைநீட்சி ஆகும். கிடைத்தளத்திலிருந்து தகடு கீழ்நோக்கிச் சரியும் கோணம் சாய்வு ஆகும். ஓட்டு வீட்டுக் கூரையை எண்ணிக்கொண்டால் எளிது: முகட்டின் திசை கிடைநீட்சி, மழைநீர் வழியும் சரிவு சாய்வு. சாம்பியன் நாளத்தின் கிடைநீட்சி வடக்கு தெற்காகவும் சாய்வு மேற்கு நோக்கியும் உள்ளது. ஆழத்தில் சாய்வு செங்குத்தை நெருங்குகிறது. சாய்ந்த நாளத்துக்கு மேலுள்ள பாறை தொங்குசுவர், கீழுள்ளது அடிச்சுவர். நாளத்தினுள் நின்று வேலை செய்பவரின் தலைக்கு மேல் தொங்குவது ஒன்று, காலடியில் இருப்பது மற்றொன்று என்பதால் இப்பெயர்கள் வந்தன.

நாளம் முழுவதும் ஒரே தரத்தில் இருப்பதில்லை. பொன் செறிந்த பகுதி தூண் போலக் கீழிறங்கிச் செல்லும். அதைத் தாதுத்தண்டு எனலாம். இரண்டு தண்டுகளுக்கு இடையே ஒன்றுமில்லாத குவார்ட்சு இருக்கக்கூடும். ஒரே நாளத்தின் மீது அடுத்தடுத்து அமைந்த நிறுவனங்களுள் ஒன்று செழித்து மற்றொன்று நொடித்துப்போவதன் காரணம் பெரும்பாலும் இதுவே.

நிலத்தடி அமைப்பு

மேற்பரப்பிலிருந்து ஆட்களும் பொருள்களும் சென்றுவரும் செங்குத்துக் குழி சுரங்கக்குழி ஆகும்; தொழிலாளர் வழக்கில் ஷாஃப்ட். அதில் ஆட்களை ஏற்றி இறக்கும் பெட்டி கூண்டு. குழியிலிருந்து குறிப்பிட்ட ஆழங்களில் கிடையாகப் பிரியும் வழிகள் தளங்கள். இரு தளங்களுக்கு இடையிலுள்ள நாளத்தை வெட்டியெடுக்கும் இடம் அகழ்வறை. அகழ்ந்தபின் எஞ்சும் வெற்றிடம் நொறுங்காமலிருக்கக் கோலாரில் செதுக்கிய கருங்கற்களை அடுக்கிச் சுவர் எழுப்பினர். இந்தச் சுரங்கங்களுக்கு மின்சாரம் வழங்குவதற்காகவே 1902இல் சிவனசமுத்திரம் நீர்மின் நிலையம் தொடங்கப்பட்டது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் ஏறத்தாழ 3.2 கி.மீ. ஆழம் வரை சென்றது. அங்குப் பாறையின் வெப்பநிலை 60 பாகை செல்சியசைத் தாண்டியிருந்தது.

பாறைத்தெறிப்பு

ஆழச் சுரங்கங்களின் மிகக் கொடிய இடர் ராக் பர்ஸ்ட் எனப்படுவது. இதைப் பாறை வெடிப்பு என எழுதுவது வழக்கம். இத்தமிழாக்கம் ஏற்கத்தக்கதன்று. வெடிப்பு என்பது பிளவையும் குறிக்கும், வெடிமருந்து வைத்துத் தகர்த்தலையும் குறிக்கும். இங்கு நிகழ்வது இரண்டும் அன்று. எனவே பாறைத்தெறிப்பு என்ற சொல் இங்குப் பயன்படுத்தப்படுகிறது.

3.2 கி.மீ. ஆழத்தில் மேலுள்ள பாறையின் எடையால் உண்டாகும் அழுத்தம் ஏறத்தாழ 90 மெகாபாஸ்கல். இது வளிமண்டல அழுத்தத்தைப் போல 850 மடங்குக்கும் அதிகம். அகழ்வறை வெட்டப்பட்டதும், அவ்விடத்துப் பாறை தாங்கிய சுமை பக்கவாட்டிலுள்ள பாறைக்கும் விடப்பட்ட தூண்களுக்கும் மாறுகிறது. மென்மையான பாறை மெல்ல நெகிழ்ந்து கொடுக்கும். கோலாரின் பாறை கடினமானது, நொறுங்கும் இயல்பினது. அது நெகிழாமல் ஆற்றலைச் சேமித்து வைத்து, தாங்கும் எல்லை கடந்தவுடன் ஒரு கணத்தில் விடுவிக்கும். சுவர்ப்பாறை துண்டுகளாகத் தெறித்து அகழ்வறையை நிரப்பும். மேலே ஊரில் அது நில அதிர்வாக உணரப்படும். வீடுகளில் விரிசல் விழுந்ததும் உண்டு. இது கூரைச் சரிவிலிருந்து வேறுபட்டது. கூரைச் சரிவில் தளர்ந்த பாறை தன் எடையால் விழுகிறது. அதை முட்டுக்கொடுத்துத் தடுக்கலாம். தெறிப்பில் உறுதியான பாறையே ஆயுதமாகிறது. முட்டு மட்டும் போதாது. எந்த அறையை எந்த வரிசையில் அகழ்வது, எங்கே தூண் விடுவது என்பதையே மாற்ற வேண்டும்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கோலாரில் இவை அறியப்பட்டிருந்தன. தொடக்கத்தில் காற்றின் தாக்குதல் என்று பொருள்படும் பெயரால் இவற்றை அழைத்தனர். தெறிப்பின்போது தள்ளப்படும் காற்று ஆட்களை வீழ்த்தியதே அப்பெயருக்குக் காரணம். அது விளைவைக் காரணமாகக் காட்டிய பெயர். கோலாரில் நெடுங்காலம் சேர்ந்த அனுபவத்தின் தொடர்ச்சியாக 1988இல் அங்குத் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் அமைக்கப்பட்டது. சுரங்கம் மூடப்பட்டு நீர் நிரம்பிய பின்னரும் அப்பகுதியில் சிறு அதிர்வுகள் பதிவாகியுள்ளன.

மேல்மண்

கனிமப் படுகையின் மீது கிடக்கும், அகற்றியாக வேண்டிய மண்ணும் பாறையும் மேல்மண் எனப்படும். இது திறந்தவெளிச் சுரங்கத்தின் சொல். ஒரு டன் கனிமத்துக்கு எத்தனை கன மீட்டர் மேல்மண்ணை அகற்ற வேண்டும் என்னும் விகிதமே அத்தகைய சுரங்கத்தின் ஆயுளை முடிவு செய்யும். நெய்வேலியில் மேல்மண்ணை மட்டும் எண்ணினால் போதாது. பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் உயர் அழுத்தத்தில் நிலத்தடி நீர் உள்ளது. மேலேயுள்ள சுமையை அகற்றினால் அந்நீர் சுரங்கத் தரையையே பெயர்த்துவிடும். ஆகவே அழுத்தம் குறையுமாறு நீரைத் தொடர்ந்து இறைத்துக்கொண்டே அகழ வேண்டியுள்ளது.

இதே பாறைச் சுமை இயற்பியலாளருக்குக் கவசம் ஆகும். 1965இல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையமும் சப்பான், இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களும் இணைந்து, கோலாரில் ஏறத்தாழ 2.3 கி.மீ. ஆழத்தில், வளிமண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோக்களின் தடங்களைக் கண்டன. பிற அண்டக்கதிர்களை மேலிருந்த பாறை வடிகட்டிவிட்டது.

வளமும் இருப்பும்

நாளிதழ்களில் ஓரிடத்தில் இத்தனை டன் தங்க இருப்பு கண்டுபிடிக்கப்பட்டது என்று வரும் செய்திகளில் மிகுதியும் பிழைபடும் சொல் இருப்பு ஆகும். நிலத்தில் உள்ளது என்று நிலவியல் சான்றுகளால் மதிப்பிடப்படுவது வளம். அவ்வளத்துள், இன்றைய விலையிலும் நுட்பத்திலும் சட்டத்திலும் அகழ்ந்து இலாபம் பெறலாம் என்று ஆய்வால் உறுதிப்படுத்தப்பட்ட பகுதி மட்டுமே இருப்பு. மேலும், பல டன் தங்கத் தாது என்பதும் பல டன் தங்கம் என்பதும் ஒன்றல்ல. 5 கிராம் தரமுள்ள ஒரு கோடி டன் தாதுவில் உள்ளது 50 டன் தங்கமே.

இவ்வேறுபாட்டை அறியாமல் பணத்தை இழந்தோர் பலர். 1880ஐ ஒட்டி நீலகிரி, வயநாடு எல்லையிலுள்ள தேவாலா, பந்தலூர்ப் பகுதியில் தங்கம் மிகுதி என்ற நம்பிக்கையில் இலண்டனில் பல நிறுவனங்கள் தொடங்கப்பட்டன. எதிர்பார்த்த தரம் கிடைக்காமல் சில ஆண்டுகளில் அவை கவிழ்ந்தன. அங்கே பொன் இருந்தது, தாது இல்லை. இந்தோனேசியாவின் புசாங்கில் நடந்தது வேறு வகை. பிரி-எக்ஸ் என்னும் கனடிய நிறுவனம் அறிவித்த மாபெரும் தங்கப் படிவு பொய் என்பது 1997இல் வெளியானது. துளைமாதிரிகளில் வெளியிலிருந்து பொன் துகள் கலக்கப்பட்டிருந்தது. அதன் பின்னர், 2001இல், தகுதிபெற்ற வல்லுநர் சான்றின்றி வளம், இருப்பு ஆகிய சொற்களை நிறுவனங்கள் அறிக்கைகளில் ஆளக்கூடாது என்ற விதி கனடாவில் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் 2015ஆம் ஆண்டின் கனிமச் சான்று விதிகள் ஐக்கிய நாடுகள் அவையின் வகைப்பாட்டைப் பின்பற்றுகின்றன. பங்கு வாங்குபவருக்கு இவ்விரு சொற்களின் வேறுபாடு தெரிந்திருப்பது நலம்.

கழிபாறையும் கழிமணலும்

சுரங்கக் கழிவு இரு வகைப்படும். தாதுவை அடைய வெட்டி ஒதுக்கிய, ஆலைக்கே செல்லாத பாறை கழிபாறை. அரைத்து உலோகத்தைப் பிரித்தபின் ஆலையிலிருந்து வெளியேறும் நுண்பொடி கழிமணல். முன்னது கற்குவியல், பின்னது மாவு போன்றது, வேதிப்பொருள் கலந்தது. இரண்டையும் கழிவு என்ற ஒரே சொல்லால் குறித்தால் ஆபத்தின் தன்மை மறைந்துவிடும்.

1887இல் கிளாசுகோவில் மக்ஆர்தரும் ஃபாரஸ்டு உடன்பிறப்புகளும் கண்டறிந்த முறையில், அரைத்த தாதுவின் மீது நீர்த்த சயனைடுக் கரைசலைச் செலுத்திப் பொன்னைக் கரைத்தெடுப்பர். பாதரசத்தால் பிடிக்க முடியாத நுண்ணிய பொன்னும் இதில் கரையும். கோலாரிலும் இம்முறை கையாளப்பட்டது. எஞ்சிய கழிமணல் பல பத்தாண்டுகளில் வெளிறிய குன்றுகளாக உயர்ந்தது. ஊரார் இவற்றைச் சயனைடு மேடுகள் என்பர். சயனைடு வெயிலிலும் காற்றிலும் நாளடைவில் சிதைவுறும். ஆனால் தூசியும், சல்ஃபைடுக் கனிமங்களோடு வந்த உலோகங்களும் எஞ்சி நிற்கின்றன. கோடையில் காற்று வீசும்போது அத்தூசி குடியிருப்புகளின் மீது படிகிறது. தூசியில் பெரும்பகுதி குவார்ட்சு என்பதை மேலே கூறியதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இம்மேடுகளில் ஏறத்தாழ 3.3 கோடி டன் கழிமணல் உள்ளதாக மதிப்பிடப்பட்டுள்ளது. பழைய ஆலைகள் தவறவிட்ட பொன் டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைவான அளவில் அதில் உண்டு. இதை அகழவோ மேலே ஏற்றவோ தேவையில்லை. ஏற்கனவே அரைக்கப்பட்டும் விட்டது. ஆதலால் இதன் எல்லைத் தரம் மிகக் குறைவு. பொன்னின் விலை உயர்ந்த நிலையில், 13 மேடுகளிலிருந்து மீண்டும் பொன் எடுக்கும் இந்திய அரசின் திட்டத்துக்குக் கருநாடக அமைச்சரவை 2024இல் ஒப்புதல் அளித்தது. மேடுகளை அகற்றும்போது எழும் தூசியை அடக்குவதும், இரண்டாம் முறை பிரித்தபின் எஞ்சும் மணலை எங்கே சேர்ப்பது என்பதும் அத்திட்டத்தில் விடை காண வேண்டியவை.